ஓர் உறையில் இரண்டு வாக்கு

சப்பாத்தை அங்க கழட்டிவிட்டிட்டு உந்தக் கதிரையில இரும். கோபிதாசன் எண்டுதானே சொன்னனீர்? நோட்டீசை மேசையில வையும், ஆறுதலா வாசிப்பன். யோகம், இவருக்கு ஒரு தேத்தண்ணி. மனுசி மறுமொழி சொல்லமாட்டா, ஆனால் கொண்டுவருவா.

எனக்கு விளங்கினதைச் சொல்லுறன், சரியோ பாரும். எங்கட முருகன் கோயில் ஐரோப்பியக் கோயில்கள் ஒன்றியத்தோட சேருறதோ, தனிய நிக்கிறதோ எண்டு வாற ஞாயிறு வோட். நீர் சேரவேணும் எண்டுற பக்கம். சேர்ந்தால் பாரிசில இருக்கிறவை எங்கட தேருக்குத் திகதி வைப்பினம் எண்டு மற்றப் பக்கம் சொல்லுது. அவையும் நேற்று வந்தவை. நீர் இருக்கிற அதே கதிரையிலதான் இருந்தவை. அவைக்கும் தேத்தண்ணி குடுத்தனாங்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் கட்டாயம் வருவன். வந்து போடுவன். ஆனால் இப்ப உமக்கு வாக்குத் தரமாட்டன். கோவிக்காதேயும். வோட்டெண்டால் போடலாம், வாக்கெண்டால் தரமாட்டன். ஏனெண்டு கேட்டால் அது முப்பது வருசக் கதை. நேரம் இருக்கோ? இருக்கும். வோட் கேக்க வந்த ஆளுக்கு நேரம் இல்லாமல் போகாது.

நான் ஒஸ்லோவுக்கு வந்தது பேந்துதான். முதல் இருந்தது வடக்கில, ஸ்கார்வ்நெஸ் எண்டு ஒரு ஊர். நோர்வே வரைபடத்தைச் சுவரில கொழுவினால் மேல ஆணி அடிப்பம் எல்லோ, அந்த ஆணிக்குப் பக்கத்தில. எண்ணூறு சனம், ஒரு மீன் பக்டறி, ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை. கார்த்திகையில போற சூரியன் தைப்பொங்கல் கழிஞ்சாப் பிறகுதான் திரும்பி வரும். சூரியன் இல்லாமல் பொங்கின ஆக்கள் நாங்கள். ஆர் பாக்கப் போறது எண்டிட்டு மின்சார அடுப்பில பொங்கினம்.

எண்பத்தாறில போனது. பன்ரண்டு பெடியள் ஒண்டாப் போனம். தொர்ஸ்க் எண்டு ஒரு மீன், அதைத் தோலுரிச்சு முள்ளெடுத்துத் துண்டு போடுற வேலை. பக்டறி முதலாளி ஹெல்கே. நெடுவல் மனுசன், நல்லவர், ஆனால் கணக்கா ஒரு சொல்லுக்கு மேல கதைக்கமாட்டார். முதல் மாசம் எங்களை வரிசையா நிப்பாட்டி, சனிக்கிழமை வேலைக்கு வருவியளோ எண்டு கேட்டார். பன்ரண்டு பேரும் தலையை ஆட்டினம். எங்கட ஆட்டுத் தெரியும்தானே, இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, தராசு மாதிரி. மனுசன் அதை 'மாட்டம்' எண்டு விளங்கி, பக்கத்து ஊரில இருந்து பன்ரண்டு பேரைப் பிடிச்சிட்டார். சனிக்கிழமை காலமை இருபத்தினாலு பேர், பன்ரண்டு கத்தி.

அண்டைக்கு அவர் ஒரு சட்டம் போட்டார். தமிழனுக்குத் தலை ஆடினால் அது 'ஓம்'. ஊர் முழுக்க அதைப் பாடமாக்கிட்டுது. ஆனால் எங்கட தலையாட்டில எத்தினை வகை இருக்கு, சொல்லும் பாப்பம்? ஓம் எண்டுறது ஒண்டு. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன் எண்டுறது இன்னொண்டு. நீ சொல்லுறதைச் சொல்லு, நான் செய்யிறதைச் செய்யிறன் எண்டுறது மற்றது. அதையெல்லாம் ஹெல்கேக்கு விளங்கப்படுத்த என்னட்டை அப்ப நோர்வேஜியன் இல்லை. பேந்து வந்தது, ஆனால் அதுக்குள்ள சட்டம் பழசாப் போச்சு.

அவையின்ர 'ஓம்' அதைவிட மோசம். வடக்கில ஆக்கள் 'ஓம்' சொல்லுறதுக்கு வாயைத் திறக்கிறேல்லை. மூச்சை டக்கெண்டு உள்ளுக்க இழுப்பினம். 'ஹ்' எண்டு ஒரு சத்தம். அவ்வளவுதான் ஓம். நான் முதல் கிழமை கடையில, பால் இருக்கோ எண்டு கேக்க, அந்தப் பொம்பிளை மூச்சை இழுத்தா. செத்தவீட்டுச் செய்தி ஏதோ வந்திட்டுது எண்டு நினைச்சு, ஐயோ என்னம்மா எண்டு கேட்டனான். அவ பாலைத் தூக்கி வைச்சா.

சரி, இதை ஏன் சொல்லுறன் எண்டால், தொண்ணூற்று நாலு.

அதுக்கு முதல் ஒண்டு சொல்லவேணும். நான் எங்கட ஊர் அளவெட்டியில இருந்து வெளிக்கிடேக்க மனுசி வாசலில நிண்டவ. மகள் அப்ப வயித்தில. அம்மாவும் பக்கத்தில. மனுசி சொன்னா, "ஆறு மாசத்தில என்னைக் கூப்பிடுங்கோ." நான் தலையாட்டினன். அம்மா சொன்னா, "இவளையும் எடுத்துப்போடாத மோனை, நான் தனிச்சுப் போவன். நீ திரும்பி வா." அதுக்கும் தலையாட்டினன். வேற என்ன செய்யிறது? வான் நிக்குது, டிரைவர் ஹோண் அடிக்கிறான்.

பேந்து சண்டை. பாதை பூட்டு. ஆமி, இயக்கம், திரும்ப ஆமி. உமக்குத் தெரியும்தானே, அப்ப ஒருத்தராலயும் ஒண்டும் செய்ய ஏலாது. எங்களோட வந்த சிவநேசன்ர மனுசி எண்பத்தெட்டில வந்தவ. தவபாலன்ர மனுசி எண்பத்தொன்பதில. அது அவையின்ர அதிர்ஷ்டம். நான் மாசம் ஒரு கடிதம் போட்டனான், தவறினதில்லை. தொண்ணூற்று நாலு மாசியில அம்மா கண்ணை மூடியிட்டா. பங்குனியில மனுசி மகளையும் கொண்டு கிளாலிக் கடலால வெளிக்கிட்டு, கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில ஒரு லொட்ஜில இருந்துகொண்டு டெலிபோன் எடுக்கிறா. நான் கூப்பிடேல்லை, அவவே வெளிக்கிட்டவ. கெட்டிக்காரி.

இனி அவவை எடுக்கவேணும். அதுக்கு ரெண்டு சாமான் காட்டவேணும் எண்டு விசாக் கந்தோரில சொல்லிப்போட்டினம். ஒண்டு நிரந்தர வேலைக் கடிதம். மற்றது குடும்பம் இருக்கத் தக்க வீடு. என்னட்டை ரெண்டும் இல்லை. வேலை, மீன் வந்தால் வா, வராட்டில் படு எண்டுற வேலை. இருந்தது பக்டறிக்கு மேல ஒரு அறை, நாலு கட்டில். என்னட்டை இருந்த ஒரே சாமான், அந்தச் சித்திரையில கிடைச்ச நோர்வே பிரஜாவுரிமை. பன்ரண்டு பேரில கொஞ்சப் பேர் கனடாவுக்கு, கொஞ்சப் பேர் ஒஸ்லோவுக்கு. ஸ்கார்வ்நெஸ்ஸில வோட் உள்ள தமிழன் நான் ஒருத்தன்தான்.

அந்தக் கார்த்திகையிலதான் நாடு முழுக்க வோட். ஐரோப்பிய ஒன்றியத்தோட சேருறதோ, வேண்டாமோ. வேற கேள்வி இல்லை. யா எண்டால் ஓம், நை எண்டால் இல்லை. ஊர் ரெண்டாப் போச்சு. ரெண்டாப் போச்சு எண்டுறதும் பிழை. ஹெல்கேயும் அவரின்ர கந்தோர் ஆக்களும் ஒரு பக்கம், மிச்ச ஊர் மற்றப் பக்கம். கடையில பாண் எடுக்கிற இடத்தில ஆளையாள் பாக்கமாட்டினம். நான் எல்லாரையும் பாத்துச் சிரிப்பன்.

ஊரில எழுபத்தேழாம் ஆண்டு ஒருக்கா வோட் போட்டனான். அது பிரிஞ்சு போறதுக்குக் கேட்ட வோட். பிரிஞ்சது நாடில்லை, நானும் மனுசியும்தான். இஞ்ச சேருறதுக்குக் கேக்கினம். சரி, இதையும் பாப்பம் எண்டு இருந்தன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹெல்கே கந்தோருக்குக் கூப்பிட்டார். பரநிருபசிங்கம் எண்டுறது அவையின்ர வாய்க்குள்ள போகாது. பாரா எண்டுதான் கூப்பிடுவினம்.

"பாரா, மீனை முழுசா அனுப்பினால் ஐரோப்பா பேசாமல் வாங்குது. வெட்டித் துண்டாக்கி அனுப்பினால் வரி போடுது. சேர்ந்தால் வரி இல்லை. நான் ரெண்டாவது வெட்டு மேசை போடுவன். உனக்கு நிரந்தர வேலை, கடிதம். நீ யா தானே?"

நான் தலையாட்டினன். கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டுற ஆட்டு. அவர் எழும்பி வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கினார். அந்த ஆக்களுக்குக் கை குடுக்கிறதெண்டால் உறுதி எழுதிக் கையெழுத்து வைச்ச மாதிரி.

சனிக்கிழமை ஒட்வார் வந்தான். ஒட்வார் எண்டால் என்ர சிநேகிதன், மீன்பிடிகாரன், சின்னப் போட் ஒண்டு வைச்சிருந்தவன். எங்களுக்கு மீன் தலையெல்லாம் சும்மா தருவான், அதைச் சமைச்சு நாங்கள் சாப்பிடுறதைப் பாத்துக்கொண்டு இருப்பான். அவன்ர தாய் செத்து ஒரு மஞ்சள் வீடு வெறுமனக் கிடந்தது. மூண்டு அறை, தோட்டம் எண்டு சொல்லிக் கொஞ்சம் கல்லு.

"பாரா, சேர்ந்தமோ, ஸ்பெயின்காரன் பெரிய கப்பலோட வந்து எங்கட வாசலில வலை போடுவான். நீயும் கடற்கரைப் பக்கத்து ஆள், உனக்கு விளங்கும். அம்மாவின்ர வீட்டை உன்ர குடும்பத்துக்குத் தாறன். எங்கட பக்கம் நிக்கிற ஆளுக்குத்தான் தரலாம். நீ நை தானே?"

அளவெட்டியில கடல் இல்லை. இருந்தது புகையிலைத் தோட்டம். அதை அப்ப சொல்லுற நேரமில்லை. தலையாட்டினன். அவனும் கை குடுத்தான்.

அண்டைக்குப் பின்னேரம் அறையில இருந்து யோசிச்சன். வோட் அட்டை தபாலில வந்து கிடக்குது. அதில 'ஸ்தெம்ம' எண்டு எழுதியிருக்கு. அவையின்ர பாசையில குரலுக்கும் அந்தச் சொல்தான், வோட்டுக்கும் அந்தச் சொல்தான். குரல் ஒருத்தனுக்கு ஒண்டுதான் இருக்கும். எங்கட பாசையில நாங்கள் என்ன சொல்லுறம்? வாக்கு. வோட்டும் வாக்கு, ஒருத்தருக்கு நம்பிக்கையாச் சொன்ன சொல்லும் வாக்கு. அது எத்தினையும் குடுக்கலாம். நான் ரெண்டு குடுத்திட்டன். குடுத்த வாக்கைக் காப்பாத்தவேணும் எண்டுதானே எங்களை வளத்தவை?

வோட் பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில. மத்தியானம் பன்ரண்டு மணி, வெளியால இருட்டு. மேசையில ஒட்வாரின்ர மனுசி யூருன். அந்த ஊரில யூருன் இல்லாத மேசை இல்லை, பள்ளிக்கூட மேசையிலயும் இருப்பா, செத்தவீட்டுக் கோப்பி மேசையிலயும் இருப்பா. உறையைத் தந்தா. நான் மறைப்புச் சீலைக்குப் பின்னால போனன். ஊரில எண்டால் பேப்பரில புள்ளடி போடுறது. இஞ்ச பென்சில் இல்லை. ரெண்டு அடுக்கு கடதாசி இருக்கு. ஒண்டில யா, மற்றதில நை.

"யூருன், பென்சில்?" எண்டு உள்ளுக்க இருந்து கேட்டன்.

"பென்சில் தேவையில்லை பாரா. எடு, மடி, உறையில வை."

ஒண்டை எடு எண்டு அவ சொல்லேல்லை. எனக்கு நல்ல ஞாபகம். எடு எண்டுதான் சொன்னவ.

நான் கனநேரம் நிண்டன். பின்னால வரிசையில ஆக்கள் செருமுகினம். ஒண்டை வைச்சால் கடிதம் வரும், வீடு போகும். மற்றதை வைச்சால் வீடு வரும், கடிதம் போகும். ரெண்டும் இருந்தால்தான் மனுசி. மகளை நான் ஒருக்காலும் கண்ணால கண்டதில்லை, எட்டு வயசு. படத்திலதான் தெரியும். ரெண்டையும் எடுத்தன். மடிச்சன். உறைக்குள்ள வைச்சன். கொஞ்சம் தடிப்பாத்தான் இருந்தது. பெட்டிக்குள்ள போட்டிட்டு வெளியால வந்தால் நெஞ்சுக்கு நல்ல ஆறுதல். ஒருத்தருக்கும் குறை வைக்கேல்லை எண்டுற ஆறுதல்.

அடுத்த நாள் காலமை கடைவாசலில எழுதி ஒட்டியிருந்தது. யா எழுபத்தொண்டு. நை நானூற்று ரெண்டு. அதுக்குக் கீழ ஒரு சொல், பக்கத்தில ஒண்டு எண்டு போட்டிருந்தது. நாட்டிலயும் நூற்றுக்கு அம்பத்திரண்டு பேர் வேண்டாம் எண்டு சேரேல்லை, அது வேற கதை. அந்தக் கீழ இருந்த சொல் எனக்கு விளங்கேல்லை. கடைக்காரியிட்டக் கேட்டன். செல்லாததெண்டு எறிஞ்ச வோட்டாம். ஆரோ ஒரு விசரன் பிழையாப் போட்டிருக்கிறான். அந்த ஆளை நினைக்க எனக்குப் பாவமாக் கிடந்தது. எழுபத்தொண்டிலயும் நான் நிக்கிறன், நானூற்று ரெண்டிலயும் நிக்கிறன் எண்டு பாண் வாங்கிக்கொண்டு வந்தன். யூருன் வழியில கண்டு சிரிச்சா. அவ வாயே திறக்கேல்லை, சட்டம் அப்பிடி. ஆனால் சிரிக்கிறதுக்குச் சட்டம் இல்லையே.

பத்து மணிக்கு ஹெல்கே கூப்பிட்டார். போனால் கந்தோரில ஒட்வார் இருக்கிறான். அந்த ரெண்டு பேரும் ஒரு அறைக்குள்ள இருந்ததை நான் மூண்டு மாசமாக் காணேல்லை. மேசையில ரெண்டு கடதாசி, வோட் மண்டபத்தில மிஞ்சினதுகளாக்கும். ஒண்டு யா, ஒண்டு நை.

"பாரா, எனக்கு யா எண்டும் சொன்னியாம், இவனுக்கு நை எண்டும் சொன்னியாம்," எண்டார் ஹெல்கே. "நீ ஆருக்குப் பொய் சொன்னனீ?"

கடிதமும் போச்சு, வீடும் போச்சு, லொட்ஜில மனுசி இருக்கிறா. "ஒருத்தருக்கும் பொய் சொல்லேல்லை," எண்டன். ரெண்டு கடதாசியையும் எடுத்து, ஒண்டுக்கு மேல ஒண்டா வைச்சு, மடிச்சுக் காட்டினன்.

பேந்து ஒட்வார் மூச்சை உள்ளுக்க இழுத்தான். ஹெல்கே யன்னலைப் பாத்துக்கொண்டு நிண்டார். தோள் குலுங்குது. அழுகிறாரோ எண்டு பாத்தால், மனுசன் சிரிக்கிறார். எட்டு வருசத்தில முதல் தடவை.

"இந்த ஊரில நூற்றுப் பன்ரண்டு பேர் எனக்கு யா எண்டு கை தந்தவங்கள்," எண்டார். "எழுபத்தொண்டுதான் வந்தது. நீ பாதியெண்டாலும் போட்டிருக்கிறாய்." ரெண்டாவது மேசை வராது, எண்டாலும் இருக்கிற மேசையில உனக்கு நிரந்தரம் எண்டு கடிதத்தை எழுதித் தந்தார். ஒட்வார் சாவியை வைச்சான். அந்த எறிஞ்ச வோட் என்ரதுதான் எண்டு அப்பதான் எனக்கு விளங்கினது. அதில இருந்து நான் ஒருத்தருக்கும் வாக்குக் குடுக்கிறேல்லை. உறைக்கு ஒண்டுதான். அவ்வளவுதான் பாடம்.

கதை முடிஞ்சுது. நீர் குடியும். இல்லை, ஒண்டு கிடக்கு. மெல்லமாச் சொல்லுறன், யோகம் குசினிக்குள்ள நிக்கிறா.

அடுத்த மாசியில அவை வந்தவை. சூரியன் வந்து ரெண்டு கிழமை. மகள் என்னைக் கண்டிட்டுத் தாய்க்குப் பின்னால ஒளிச்சிட்டுது, அது பரவாயில்லை, பழகும்தானே. பன்ரண்டாம் நாள் ஒட்வாரும் யூருனும் கேக்கோட வந்தவை. ஒட்வார் அந்த வோட் கதையை மனுசிக்குக் கையாலயும் காலாலயும் நடிச்சுக் காட்டினான், நான் தமிழில சொல்லிக்கொண்டு வந்தன். தலையாட்டுக்கு எழும்பி நிண்டு ஆடினான். யூருன் கண்ணீர் வரச் சிரிச்சா. மகள் கூடச் சிரிச்சுது. மனுசி சிரிக்கேல்லை. பிரயாணக் களைப்பு எண்டு நினைச்சன்.

அவை போனாப் பிறகு கோப்பையளைக் கழுவிக்கொண்டு நிண்டு, திரும்பிப் பாக்காமல் கேக்கிறா.

"ஏனப்பா, அளவெட்டி வாசலிலயும் உதைத்தானே செய்தனீங்கள்?"

"எதை?"

"மாமிக்கும் தலையாட்டினியள், எனக்கும் தலையாட்டினியள்."

"சண்டையெல்லோ யோகம், பாதை பூட்டெல்லோ?"

"சிவநேசன்ர மனுசிக்கு ஆர் பாதை திறந்தது?" எண்டா. அவ சொல்லிக்கொண்டு போறா. "மாசம் மாசம் உங்கட கடிதம் வரும். மாமி கேப்பா, அவன் திரும்பி வாறானாமோ எண்டு. நான் பாப்பன், என்னைக் கூப்பிடுறாரோ எண்டு. ஒரே கடிதத்தைத்தான் ரெண்டு பேரும் வாசிச்சனாங்கள். ரெண்டு பேருக்கும் 'இல்லை' எண்டு ஒரு சொல் அதில இல்லை. எட்டு வருசம். இஞ்ச எண்டால் அடுத்த நாளே கடைவாசலில ஒட்டிப்போட்டாங்கள், செல்லாது எண்டு. எங்களுக்கு ஒருத்தரும் எழுதி ஒட்டேல்லை."

பேந்து திரும்பினா. கை ஈரம்.

"ஒண்டே ஒண்டு கேக்கிறன். மாமி இருந்திருந்தால் என்னைக் கூப்பிட்டிருப்பியளோ, மாட்டியளோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

நான் தலையை ஆட்டினன்.

அவ அப்பிடியே என்னைப் பாத்துக்கொண்டு நிண்டவ, டக்கெண்டு மூச்சை உள்ளுக்க இழுத்தா. 'ஹ்' எண்டு, அந்த ஊர்ச் சனம் இழுக்கிற மாதிரியே, அச்சு அசலா. வந்து பன்ரண்டு நாள், ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை. எனக்கு அதைப் பழக மூண்டு வருசம் எடுத்தது. சரியான சந்தோசம் எனக்கு. அடுத்த நாளே பக்டறியில எல்லாருக்கும் சொன்னனான், என்ர மனுசி 'ஓம்' சொல்லப் பழகிட்டா எண்டு.